பிள்ளையைக் காப்பதும் பழக்கத்தைக் காப்பதும்

குழந்தை நடக்கப் பழகும்போது விழுகிறது. தாய் ஓடிவந்து தூக்குகிறாள். அந்த வயதில் அதுவே அன்பு. அதே குழந்தை இருபது வயதை எட்டிப் போதைப்பொருளின் பிடியில் விழும்போதும் பெற்றோரின் உள்ளம் அவ்வாறே ஓடுகிறது. கடன் கொடுத்தவனுக்குப் பணம் தருகிறது. கல்லூரிக்கு உடல்நலக் குறைவு என்று கடிதம் எழுதுகிறது. உறவினர் கேட்டால் வேறொரு கதை சொல்கிறது. மூன்று வயதில் பிள்ளையைத் தூக்கி நிறுத்திய அதே கைகள் இருபது வயதில் அவன் தானாக எழுந்து நிற்பதற்குத் தடையாகிவிடுகின்றன.

வளர்ந்த பிள்ளை போதைக்கு அடிமையாகும்போது பெற்றோர் கற்க வேண்டிய கடினமான பாடம் ஒன்று உண்டு. பிள்ளையைக் காப்பது வேறு. அவனுடைய பழக்கத்தைக் காப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகம் வாய்க்கும் வரை அன்பும் கோபமும் ஒருசேர நோய்க்கே துணை போகின்றன.

நோயா, குணக்கேடா?

உண்மை தெரியவந்த நாளில் பெற்றோர் மனத்தில் எழும் முதல் கேள்வி, ‘வளர்ப்பில் எங்கே தவறினோம்?’ என்பதாகும். தந்தை தாயைக் குறை கூறுகிறார். தாய் தந்தையின் கண்டிப்பைக் குறை கூறுகிறாள். ஆனால் இந்தப் பழக்கத்திற்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட இயலாது. பரம்பரைக் கூறு, பழக்கம் தொடங்கிய வயது, மறைந்திருக்கும் மனச்சோர்வு அல்லது பதற்றம், நண்பர்களின் வற்புறுத்தல், பொருள் எளிதில் கிடைக்கும் சூழல் எனப் பல இழைகள் அதில் பின்னியுள்ளன. ஒரே வீட்டில், ஒரே வளர்ப்பில் வளர்ந்த இரு சகோதரரில் ஒருவன் மட்டும் சிக்கிக்கொள்வதையும் காண முடிகிறது.

ஆசையை அடக்கி, விளைவை எண்ணிப் பார்க்க உதவும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ச்சி அடைந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்பே போதைப்பொருள் உள்ளே நுழைந்துவிட்டால், மகிழ்ச்சியோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமின் என்னும் வேதிப்பொருளின் இயல்பான ஒழுங்கு குலைகிறது. உணவு, நட்பு, இசை, விளையாட்டு ஆகியவை தரும் எளிய மகிழ்ச்சி சுவையற்றுப் போகிறது. ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருளை நாள்தோறும் பயன்படுத்துபவன் அதை நிறுத்தினால், ஒரு நாளுக்குள்ளாகவே மூக்கொழுகல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைவலி, தூக்கமின்மை ஆகியவை தொடங்கி, இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சத்தை அடைகின்றன. தொடக்கத்தில் இன்பத்தை நாடிப் பயன்படுத்தியவன், பின்னர் இந்த வேதனைக்கு அஞ்சியே பயன்படுத்துகிறான். ‘மனம் வைத்தால் விட்டுவிடலாமே’ என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. மனம் வைக்க வேண்டிய கருவியே அங்கு பழுதுபட்டிருக்கிறது.

இதனால் பொறுப்பு அவனை விட்டு நீங்கிவிடவில்லை. நீரிழிவு நோயாளி தன் நோய்க்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆயினும் மருந்து உண்பதும் உணவைக் கட்டுப்படுத்துவதும் அவன் பொறுப்பே. போதை நோய்க்கும் இந்த நியதி பொருந்தும்.

மற்றொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நண்பர்களோடு ஒருமுறை கஞ்சா புகைத்தவனும், நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்பவனும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர். முதலாமவனுக்கு அமைதியான உரையாடலே போதுமானதாக இருக்கலாம்; இரண்டாமவனுக்கு மருத்துவம் இன்றியமையாதது. எந்த நிலை என்பதை அச்சம் தீர்மானிக்கக்கூடாது. மருத்துவர் தீர்மானிக்க வேண்டும்.

தனிவீட்டுத் துயரம் அன்று

இத்துயரம் தம் வீட்டில் மட்டுமே நேர்ந்தது என்று ஒவ்வொரு குடும்பமும் எண்ணுகிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. 10 முதல் 75 வயது வரையிலான மக்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், சுமார் 3 கோடிப் பேர் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துவதாகவும் அது கணக்கிட்டது. அபின் வகைப் பொருள்களால் துன்புற்று உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் மட்டும் சுமார் 77 லட்சம். மிசோரம், நாகாலாந்து, மணிப்பூர், சிக்கிம் போன்ற சிறிய மாநிலங்களில் இதன் விகிதம் மிகுதி. பஞ்சாப், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் எண்ணிக்கை மிகுதி.

அதே ஆய்வு கூறும் இன்னொரு செய்தி மேலும் வருந்தத்தக்கது. சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் இருபதில் ஒருவரே. வசதிக் குறைவு இதற்கு ஒரு காரணம். வெட்கம் மற்றொரு காரணம். மகளாக இருந்தால் இந்த வெட்கம் இன்னும் கனத்த திரையாகிறது. ‘வெளியே தெரிந்தால் அவளுடைய எதிர்காலம் என்னாகும்?’ என்று அஞ்சி மூடி மறைக்கும் ஆண்டுகளிலேயே அவளுடைய எதிர்காலம் கரைந்துபோகிறது.

பயனற்ற மூன்று வழிகள்

தவிக்கும் பெற்றோர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றை நாடுகின்றனர்.

முதலாவது, தாங்கிப் பிடித்தல். பணம் காணாமற்போனால் வேலைக்காரியைச் சந்தேகிப்பார்கள். நகை காணாமற்போனால் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அடகுக் கடையிலிருந்து இருசக்கர வண்டியை மீட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ‘இதுவே கடைசி’ என்பார்கள். பழக்கத்தின் விளைவு ஒன்றுகூடப் பிள்ளையைத் தொடாதபடி சுவர் எழுப்பிவிட்டால், மாற வேண்டும் என்னும் எண்ணம் அவனுக்கு எங்கிருந்து பிறக்கும்?

இரண்டாவது, வெட்டி எறிதல். ‘இனி நீ என் பிள்ளை இல்லை’ என்று நள்ளிரவில் கதவைச் சாத்துவது. கோபத்தில் சாத்தப்பட்ட கதவுக்கு வெளியே அவனை ஏற்க ஓர் இடம் மட்டுமே காத்திருக்கிறது. அது போதைப்பொருள் விற்பவனின் இடம்.

மூன்றாவது, பொறுப்பை இடம் மாற்றுதல். ‘ஒரு கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுவான்’ என்ற பேச்சு இந்நாட்டில் எல்லா மொழிகளிலும் கேட்கிறது. திருமணம் எந்த நோய்க்கும் மருந்தாகாது. உண்மையை மறைத்து ஒரு பெண்ணை அந்த வீட்டுக்குள் அழைத்து வருவது, தம் பிள்ளையின் சுமையை மற்றொருவர் பிள்ளையின் தலையில் ஏற்றுவதாகும். அதன்பின் துன்புறுவோர் இருவர். குழந்தை பிறந்தால் மூவர். கோயிலில் சத்தியம் வாங்குவதும், வெளியூருக்கு அனுப்பிவைப்பதும் தனித்து நின்று நோயைத் தீர்ப்பதில்லை. சத்தியத்தை மீறியபின் வரும் குற்ற உணர்வே மீண்டும் போதையைத் தேடத் தூண்டும்.

இரு பெற்றோர், ஒரு மகன்

மகாபாரதம் இதற்கு ஒரு கண்ணாடியை முன்வைக்கிறது. துரியோதனனுக்குத் தந்தையும் தாயும் இருந்தனர். இருவரும் அவன்மீது அன்பு கொண்டிருந்தனர். திருதராஷ்டிரனுக்கு எது தவறு என்பது தெரியாமலில்லை. விதுரர் பலமுறை எடுத்துரைத்தார். ஆயினும் மகன் முகம் வாடுவதைத் தாங்க இயலாமல், சூதாட்டத்திற்கும் அதன்பின் வந்த அனைத்திற்கும் அவன் இசைந்தான். அந்த இசைவை அவன் அன்பு என்று நம்பினான்.

காந்தாரியும் தாய்தான். போர்க்களம் செல்லுமுன் வெற்றி வாழ்த்துக் கேட்டு வந்த மகனுக்கு அவள் அந்த வாழ்த்தைத் தரவில்லை. அறத்தின் பக்கம் நின்றே பேசினாள். ஆனால் அவனை மகனல்லன் என்று ஒருபோதும் தள்ளவும் இல்லை. அவன் வீழ்ந்த களத்தில் அவனுக்காகக் கதறி அழுதவளும் அவளே. செயலுக்கு இசைவு மறுத்தாள், உறவை மறுக்கவில்லை.

அவளுடைய உறுதியும் மகனைக் காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பெற்றோர் சரியாக நடந்துகொண்டால் பிள்ளை திருந்தியே தீருவான் என்று எவரும் உறுதி தர முடியாது. இருந்தாலும், இசைந்துகொண்டே போன தந்தையின் வழியில் மீட்சிக்கு இடமே இல்லை. தாயின் வழியில் ஒரு வாசலாவது திறந்திருந்தது.

எல்லை வகுக்கும் முறை

காந்தாரியின் நிலையை ஒரு சாதாரண வீட்டில் எப்படிக் கடைப்பிடிப்பது? முதலில், பேசும் நேரம் முக்கியம். போதையில் இருப்பவனிடமும், போதை கிடைக்காமல் தவிப்பவனிடமும் அறிவுரை பயன்படாது. தெளிவாக இருக்கும் காலைப் பொழுதே ஏற்றது. பேச்சு சுருக்கமாக, கண்ணால் கண்டதை மட்டும் சொல்வதாக இருக்க வேண்டும். ‘குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய்’ என்பது குற்றச்சாட்டு. ‘நேற்று இரவு இரண்டு மணிக்கு நீ குளியலறையில் மயங்கிக் கிடந்தாய், நான் மிகவும் பயந்துபோனேன்’ என்பது உண்மை. குற்றச்சாட்டுக்கு அவன் எதிர்வாதம் செய்வான். உண்மைக்கு எதிர்வாதம் இல்லை.

பிறகு எல்லையைச் சொல்ல வேண்டும். ஒரு தாய் இவ்வாறு சொல்லலாம்: “கண்ணா, இந்த வீட்டில் உனக்குச் சாப்பாடு எப்போதும் உண்டு. ஆனால் இனி உன் கையில் பணம் தர மாட்டோம். உன் கடனை அடைக்க மாட்டோம். வீட்டுக்குள் அந்தப் பொருள் வரக்கூடாது. மருத்துவரிடம் போகலாம் என்று எந்த நேரத்தில் நீ சொன்னாலும் நான் உன்னோடு வருவேன்.” இதில் மிரட்டல் இல்லை, மறைவும் இல்லை. கல்லூரிக் கட்டணத்தைக் கல்லூரிக்கே நேராகச் செலுத்தலாம். தேவையான பொருளை வாங்கித் தரலாம். பணமாக மட்டும் தருவதில்லை என்பதில் தந்தையும் தாயும் பாட்டியும் ஒரே நிலையில் நிற்க வேண்டும். ஒருவர் மறுத்ததை மற்றவர் மறைவில் கொடுத்தால் எல்லை என்பதே இல்லாமற்போகும்.

நிறைவேற்ற முடியாத எல்லையைச் சொல்லாதிருப்பது நல்லது. ‘இன்னொரு முறை நடந்தால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவேன்’ என்று பத்து முறை சொல்லிப் பதினோராம் முறையும் சொல்பவரின் சொல்லுக்கு மதிப்பு குறைகிறது. சிறிய எல்லையாயினும் சொன்னபடி நிற்பதே பயன் தரும்.

மறுபக்கத்தையும் மறக்கலாகாது. பிள்ளை தெளிவோடிருக்கும் நேரம் அவனுக்கு இனிதாக அமைய வேண்டும். அந்த நாளில் அவனுக்குப் பிடித்த உணவு, அருகமர்ந்து பேசும் பேச்சு, தோட்டத்திலோ கடையிலோ சேர்ந்து செய்யும் வேலை ஆகியவை இருக்கட்டும். போதையில் இருக்கும் நாளில் சண்டையின்றி விலகி நிற்கலாம். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. அவன் தெளிவாயிருக்கும் நாளில் பழைய கணக்கெல்லாம் கேட்கிறார்கள். மயங்கிக் கிடக்கும் நாளில் மட்டும் சுற்றி நின்று பணிவிடை செய்கிறார்கள்.

இந்த அணுகுமுறைக்கு ஆய்வின் துணையும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர், ராபர்ட் மேயர்ஸ் முதலியோர் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிகிச்சைக்கு வர மறுத்த மதுநோயாளிகளின் நெருங்கிய உறவினர் 130 பேர் மூன்று பிரிவாகப் பயிற்சி பெற்றனர். அமைதியாகப் பேசுதல், குடிக்காத நேரத்தை இனிதாக்குதல், தம் நலத்தையும் பேணுதல் ஆகியவற்றைக் கற்ற பிரிவில் 64 விழுக்காட்டினர் தம் உறவினரைச் சிகிச்சைக்கு வரச் செய்தனர். சுற்றத்தார் ஒன்றுகூடி நோயாளியை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் அது 30 விழுக்காடு. தம் மன அமைதியை மட்டும் பேணும்படி வழிகாட்டப்பட்ட மூன்றாம் பிரிவில் 13 விழுக்காடு. பிறரைச் சிகிச்சைக்கு அழைத்து வருவது அம்முறையின் நோக்கமும் அன்று. சினமின்றி உறுதியாக நிற்கும் குடும்பத்தின் சொல்லுக்கு வலிமை உண்டு என்பது இதனால் விளங்கும்.

சிகிச்சையும் சட்டமும்

சிகிச்சை என்றாலே ஆறு மாதம் பூட்டிவைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலோருக்கு மருந்தும் ஆலோசனையும் வெளிநோயாளி நிலையிலேயே பயன் தருகின்றன. அபின் வகை அடிமைத்தனத்திற்குப் புப்ரனார்பின் போன்ற மருந்துகள் உள்ளன. பஞ்சாப் அரசு 2017இல் இதற்கெனத் தனி வெளிநோயாளி நிலையங்களைத் தொடங்கியது. ‘ஒரு போதைக்குப் பதிலாக மற்றொன்றா?’ என்று பெற்றோர் தயங்குவதுண்டு. மருத்துவர் அளவிட்டுத் தரும் இம்மருந்து விலகல் வேதனையையும் ஏக்கத்தையும் தணித்து, மரண ஆபத்தைக் குறைத்து, படிப்புக்கும் வேலைக்கும் திரும்ப வழி செய்கிறது. நெடுங்காலம் மிகுதியாக மது அருந்தியவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவது வலிப்பு, சித்தப்பிரமை போன்ற உயிராபத்தில் முடியலாம். அதற்கு மருத்துவ மேற்பார்வை கட்டாயம் வேண்டும்.

18 வயது நிறைந்தவர் தம் சிகிச்சையைத் தாமே முடிவு செய்யும் உரிமை உடையவர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கியது. ஆபத்தான நிலை போன்ற வரையறுக்கப்பட்ட சூழலில், உரிய மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகே இசைவின்றி ஒருவரைச் சேர்க்கலாம். சங்கிலியால் கட்டுவதை அச்சட்டம் அடியோடு தடைசெய்கிறது. அடியையும் பட்டினியையும் சிகிச்சை என்று அழைக்கும் இல்லங்களிடம் பிள்ளையை ஒப்படைப்பது அவன் நம்பிக்கையை இறுதியாக முறித்துவிடும். பதிவு பெற்ற நிறுவனமா, மருத்துவர் உண்டா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டறிவது பெற்றோரின் கடமை.

காவல்துறைக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் உளர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64அ பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், அக்குற்றத்திற்கான வழக்கிலிருந்து விலக்குப் பெற இயலும். சிகிச்சையை இடையில் கைவிட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி-மானஸ் எண் 14416. இரண்டும் கட்டணமற்றவை.

மீண்டும் விழும்போது

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்துப் பிள்ளை மீண்டும் பயன்படுத்தினான் என்று அறியும்போது பெற்றோர் முற்றிலும் நொறுங்கிவிடுகின்றனர். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் இவ்வாறு வழுக்கி விழுவதாக மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நோய்களிலும் நோய் திரும்புவது ஏறத்தாழ இதே அளவினதே. மீண்டும் விழுந்தான் என்பதற்குச் சிகிச்சை தோற்றது என்று பொருளில்லை; அதை மாற்றியமைக்க வேண்டும் என்பதே பொருள்.

இந்தக் காலத்தில் உயிராபத்து ஒன்றும் ஒளிந்திருக்கிறது. சில வாரங்கள் நிறுத்தியிருந்தவனின் உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. முன்பு எடுத்த அதே அளவு இப்போது உயிரைப் பறிக்கலாம். எழுப்பியும் எழாமை, மிக மெதுவான மூச்சு, குறட்டை போன்ற ஒலி, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி ஆகியவை அபாய அறிகுறிகள். ‘தூங்கட்டும்’ என்று விடக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108 அல்லது 112 எண்ணை அழைத்து, மூச்சைக் கவனித்தபடி உடனிருக்க வேண்டும். என்ன பயன்படுத்தினான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நலோக்சோன் என்னும் மருந்து அபின் வகையின் விளைவை முறிக்க வல்லது. வெட்கத்தால் இழந்த பத்து நிமிடத்தை எதனாலும் திரும்பப் பெற முடியாது.

பெற்றோரும் மனிதரே

பிள்ளையின் நோயைச் சுற்றியே வீடு முழுவதும் சுழலும்போது மற்றக் குழந்தைகள் மறக்கப்படுகின்றனர். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றவாளியாக்குகின்றனர். தாயின் தூக்கமும் தந்தையின் உடல்நலமும் கெடுகின்றன. இதைத் தியாகம் என்று எண்ண வேண்டியதில்லை. நீந்தத் தெரியாமல் குதிப்பவர் மூழ்குபவரைக் காப்பாற்றுவதில்லை. அவன் கை ஓங்கினாலோ வீட்டில் எவருக்கேனும் ஆபத்து நேர்ந்தாலோ பாதுகாப்பான இடத்துக்கு விலகுவதும் காவல்துறையின் உதவியை நாடுவதும் அன்புக்கு எதிரானவை அல்ல.

சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் தம் கணவரை மது நோய்க்கு 1979இல் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டே கணவரின் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவி, மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையானோருக்குச் சிகிச்சை கிடைக்க வழிசெய்தார். அங்கே குடும்பத்தாரும் சிகிச்சையில் பங்கேற்கின்றனர். குடும்பத்துக்கும் காயம் உண்டு, அதுவும் ஆற வேண்டும் என்பதை அனுபவித்து அறிந்தவரின் ஏற்பாடு அது. நோயாளி வர மறுத்தாலும் பெற்றோர் மட்டும் சென்று ஆலோசகரைச் சந்திக்கலாம். பல குடும்பங்களில் முதல் மாற்றம் அவ்வாறே தொடங்குகிறது.

முயற்சி பெற்றோருடையது; திரும்பி வரும் அடி பிள்ளையுடையது. அந்த அடியை அவனுக்காகப் பெற்றோர் எடுத்துவைக்க முடியாது. அவன் எடுத்துவைக்கும் நாளில் வீடு இருளில் மூழ்காதிருக்க வேண்டும். அவன் பொய்க்குப் பழகிய வீடாகவும் அது இருக்கலாகாது. உண்மை பேசும் வீடு, உணவு கிடைக்கும் வீடு, போதைக்கு இடமில்லாத வீடு என்று அதை வைத்திருப்பதே வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் செய்யும் பெரிய தொண்டு.

சிந்தனைக்கு

1. கடந்த ஒரு மாதத்தில் பிள்ளைக்காகச் செய்த உதவிகளில் அவன் உடல்நலத்தைக் காத்தவை எவை? பழக்கத்தைக் காத்தவை எவை?

2. வீட்டிலுள்ள பெரியவர் அனைவரும் ஒன்றுபட்டுக் கடைப்பிடிக்கக்கூடிய எல்லை ஒன்று எது?

3. அவன் தெளிவோடிருந்த கடைசி நாளில் அவனிடம் பேசிய முதல் சொல் என்ன?

4. இத்துயரத்தை வெட்கமின்றிப் பகிர்ந்துகொள்ளத்தக்க ஒருவர் யார்? அவரை இந்த வாரமே சந்திக்க இயலுமா?